ரோடு மேல போயிடுச்சு, வீடு பள்ளத்துல நிக்குது: தூக்கறதா, இடிக்கறதா?

தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதியிருக்காங்க. லெட்டர் நாலு பக்கம், சுருக்கித் தர்றேன்.

"1996ல ஒரு கிரவுண்டு மனைல ஆயிரம் சதுர அடிக்கு வீடு கட்டினோம். 9 இன்ச் செங்கல் சுவர், மாடில ஒரே ஒரு ரூம். அப்போ ரோட்டை விட போர்டிகோ முக்கால் அடி உசரம், அங்கேருந்து மூணு படி ஏறினா ஹால். இப்போ ரோட்ல இருந்து மூணு படி எறங்கித்தான் போர்டிகோவுக்கே போறோம். ஹால் தரையே ரோட்டை விட 3 இன்ச் பள்ளம்னு மேஸ்திரி சொல்றார். காரை வெளிய ரோட்லதான் நிறுத்துறோம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு பக்கச் சந்துலயும் ரப்பிஷ் (கட்டட இடிபாடு) கொட்டி, ஹால் தரையை விட ஒரு சாண் உசரமா சிமெண்ட் தளம் போட்டோம். கேட்ல ஒண்ணரை அடிக்குத் தடுப்புச் சுவரும் கட்டினோம். அப்படியும் தண்ணி உள்ள வந்துடுது. கொஞ்ச வருஷமா சுவர்ல இடுப்பு உசரத்துக்கு ஓதம், பெயின்ட் பொரிஞ்சு கொட்டுது. ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்கிடலாம்னு ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருக்கார். உள்ளயே மண் கொட்டி தரையை ஒண்ணரை அடி ஏத்திடலாம்னு மேஸ்திரி சொல்றார். இடிச்சுட்டு பில்டர் கிட்ட கொடுத்துடலாம்னு பெங்களூர்ல இருக்கற பையன் சொல்றான். வீட்டுக்காரர் எதுவுமே சொல்றதில்ல. நான் யார் பேச்சைக் கேக்கட்டும்?"

வணக்கம் டீச்சர். இப்போதைக்கு சார் பேச்சைக் கேளுங்க, அவர் ஒருத்தர்தான் அவசரப்படாம இருக்கார்.

விளையாட்டுக்குச் சொல்லல. மத்த மூணு பேரும் மருந்து சொல்லிட்டாங்க, என்ன நோவுன்னு யாரும் பாக்கல. தண்ணி உள்ள வந்துடுதுன்னு நீங்களும் ஒரே வரில எழுதிட்டுப் போயிட்டீங்க, ஆனா எது வழியா வந்துச்சுன்னு நாலு பக்கத்துல எங்கயும் இல்ல. கேட் மேல ஏறி வந்ததா, பாத்ரூம் ஓட்டை வழியா மேல வந்ததா, டைல்ஸ் இடுக்குல இருந்து கசிஞ்சு வந்ததா? மூணும் மூணு விதமான தண்ணி. ஒண்ணுக்குப் பண்ற வேலை இன்னொண்ணுக்குப் பிரயோஜனப்படாது, இதைப் பாக்காம லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு மறுபடி அதே தண்ணில நின்னவங்களை நான் இருபத்தஞ்சு வருஷமா பாத்துட்டு இருக்கேன்.

முதல்ல உங்க கேட் தடுப்பை எடுத்துப்போம், ஏன்னா புறநகர்ல தெருவுக்குப் பத்து வீட்ல இது இருக்கு, எல்லாரும் ஏறி எறங்கி முட்டி தேஞ்சதுதான் மிச்சம். ரோட்டுத் தண்ணியை அது தடுக்கும், சரி. உள்ள பெய்யற மழை எங்க போகும்? ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா உங்க மனைக்குள்ள மட்டும் விழற தண்ணி 22,000 லிட்டருக்கு மேல. நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ரெண்டு. 2015 டிசம்பர் 1ம் தேதி காலைல ஆரம்பிச்சு மறுநாள் காலைக்குள்ள தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு, அந்தக் கணக்குல பாத்தா உங்க காம்பவுண்டுக்குள்ள மட்டும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர், ஒன்பது லாரி. அன்னிக்கு கேட்டை இரும்புல செஞ்சு ஒட்டியிருந்தாலும் உள்ள குளம்தான். ரோட்டை விட போர்டிகோ 21 இன்ச் கீழ இருக்குது, தண்ணி தானா வெளிய போக வழியே இல்ல, மோட்டார் போட்டு இறைச்சாத்தான் போகும். அடைமழைன்னா முதல்ல கரண்டைத்தான் நிறுத்துவாங்க. அப்போ மோட்டார் எதுல ஓடும்?

அதனால தடுப்பு இருக்கட்டும், கூடவே போர்டிகோவுல எது ரொம்பப் பள்ளமான மூலையோ அங்க ரெண்டடிக்கு ரெண்டடி, மூணடி ஆழத்துல ஒரு குழி எடுத்து, உள்ள சின்ன சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ள மூழ்கி ஓடற மோட்டார்) ஒண்ணு, தண்ணி ஏறினா தானா ஓடற ஃப்ளோட் ஸ்விட்சோட வைங்க. அரை எச்பி போதும். உங்க இன்வெர்ட்டர் அதைத் தாங்குமான்னு எலக்ட்ரீஷியனை வச்சு ஓட்டிப் பாத்துடுங்க, மழை நாள்ல இல்ல, இப்பவே. ஸ்டார்ட் ஆகறப்ப மோட்டார் இழுக்கற இழுவைல நிறைய இன்வெர்ட்டர் படுத்துடும்.

ரெண்டாவது, பாத்ரூம் தண்ணி. பழைய வீடுகள்ல நகானி ட்ராப் (பாத்ரூம் தரைல தண்ணி போற ஓட்டை) எல்லாம் ரோட்டுச் சேம்பரை, அதாவது சாக்கடைத் தொட்டியை விட கீழ இருக்கும். வெளிய சேம்பர் நிரம்பினா அது உங்க பாத்ரூம் வழியாத்தான் மூச்சு விடும். இதுதான் வந்துச்சான்னு தெரிஞ்சுக்க ஈஸி, கறுப்பா நாத்தத்தோட வரும், கூடவே கரப்பான் வரும். கடைசிச் சேம்பருக்கு முன்னாடி தண்ணியை வெளிய மட்டும் விட்டு, திரும்பி வராம தடுக்கற 'நான்-ரிட்டர்ன்' வால்வ் ஒண்ணு போட்டா முக்கால்வாசி முடிஞ்சுது, வருஷம் ஒரு தடவை ஐப்பசிக்கு முன்னாடி திறந்து கழுவணும், இல்லைன்னா முடியும் சோப்பும் சேந்து அது மூடவே மூடாது.

மூணாவதுதான் பெரிய விஷயம், அதுக்கு நீங்க கிணத்தை எட்டிப் பாக்கணும். லெட்டர்ல கிணறு பத்தி எழுதல, ஆனா 96ல அந்தப் பக்கம் கட்டின வீடுன்னா உறை கிணறு இல்லாம இருக்காது, மூடி போட்டு மேல துளசி மாடமோ வாஷிங் மெஷினோ வச்சிருப்பீங்க. மூடியைத் திறங்க. உள் சுவர்ல பழைய தண்ணிக் கோடு தெரியும், பாசி படிஞ்ச கோடு, கடைசியா எவ்வளவு மேல வரைக்கும் ஏறியிருக்குன்னு அது காட்டிக் கொடுத்துடும். அந்தக் கோடு ஹால் தரைக்கு ரெண்டு மூணு அடி கீழ இருந்தா நிம்மதி. தரை மட்டத்துக்குக் கிட்ட இருந்தா, இல்ல மழை நாள்ல கைய விட்டே மொண்டுக்கற அளவுக்கு ஏறுதுன்னா, நிலத்தடி நீரே உங்க தரையை அடில இருந்து தள்ளுதுன்னு அர்த்தம். அந்தத் தண்ணி டைல்ஸ் ஜாயின்ட்ல பொட்டுப் பொட்டா சுத்தமா தெளிவா வரும், தொடைக்கத் தொடைக்க வரும். இதுக்கு கேட் தடுப்பு, வால்வ், கெமிக்கல் எதுவும் நிக்காது. தரை மேல போகணும், வேற வழியே கிடையாது.

அப்போ மூணுல எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு கேப்பீங்க. 2015, 2023 ரெண்டு டிசம்பர்லயும் தண்ணி எங்கேருந்து முதல்ல வந்துச்சுன்னு வீட்ல இருக்கற எல்லாரையும் தனித்தனியா கேளுங்க (சாரையும்தான், பேசாதவங்கதான் நல்லா கவனிச்சிருப்பாங்க). பீரோ கால்ல, கதவு நிலைல, ஃப்ரிட்ஜ் ஸ்டாண்டுல கறை இருக்கும், அதை அளங்க. அப்புறம் டியூப் மட்டம் பிடிங்க. ஹார்டுவேர்ஸ் கடைல கிடைக்கற அதே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப்தான், தண்ணி நிரப்பி உள்ள காத்துக் குமிழி இல்லாம பாத்துட்டு ஒரு முனையை ரோட்டு நடுவுல, இன்னொரு முனையை ஹால் தரைல தூக்கி நிறுத்தினா, ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அங்கேருந்து தரை எவ்வளவு கீழன்னு ரெண்டு பக்கமும் அளங்க, வித்தியாசம்தான் பள்ளம், தண்ணி பொய் சொல்லாது. ரோட்டு நடு, ரோட்டு ஓரம், போர்டிகோ, ஹால், பாத்ரூம் ட்ராப், சேம்பர் மூடி, சம்ப் (தரைக்கடில இருக்கற தண்ணித் தொட்டி) மூடி, கிணத்துக் கோடு, எட்டு இடம். ஒரு சின்ன நோட்ல எழுதி வைங்க. உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்ல, பசங்களுக்கு எவ்வளவு கிராஃப் போட்டுக் கொடுத்திருப்பீங்க.

இப்போ ஓதத்துக்கு வர்றேன். இது வெள்ளத்துனால வந்ததுன்னு நீங்க நெனைக்கிறீங்க, எனக்கு அப்படித் தோணல. சந்துல கொட்டின ரப்பிஷ்தான் காரணம்னு எனக்குப் படுது. 96ல கட்டும்போது தரை மட்டத்துல சுவருக்குள்ள டிபிசின்னு ஒரு அடுக்கு போட்டிருப்பாங்க, சிமெண்ட் கலவைல வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்து ஒரு இன்ச் கனத்துக்கு. மண்ணுல இருக்கற ஈரம் அதுக்கு மேல செங்கலுக்குள்ள ஏறாம இருக்கத்தான் அது. நீங்க அந்த அடுக்குக்கும் மேல ஒரு சாண் உசரத்துக்கு ரப்பிஷ் கொட்டி மூடிட்டீங்க. ஈரம் இப்போ கீழேருந்து ஏற வேண்டிய அவசியமே இல்ல, டிபிசியைச் சுத்திக்கிட்டு பக்கவாட்டுலயே உள்ள போயிடுது. செங்கல் பஞ்சு மாதிரி உறிஞ்சி மேல ஏத்தும், தண்ணி காத்துல காஞ்சுடும், அதோட வந்த உப்பு மட்டும் பூச்சுல தங்கி வெள்ளையாப் பூக்கும், அந்தப் பூதான் பெயின்ட்டைப் பிச்சுத் தள்ளுது. வெள்ளத்துக்கு அப்புறம் ரப்பிஷ் கொட்டுனீங்க, அதுக்கு அப்புறம்தான் ஓதம் ஆரம்பிச்சிருக்கு, ரெண்டையும் சேத்துப் பாருங்க.

இதுல நானும் சிக்கினவன்தான். எங்க வீட்ல வெளிச்சுவர் ஓதத்துக்கு நாலடி உசரத்துக்கு டைல்ஸ் ஒட்டினேன், இஞ்சினியர் வீடுன்னு எல்லாரும் பாராட்டினாங்க. ஒரே வருஷத்துல ஓதம் டைல்ஸைத் தாண்டி ஸ்விட்ச் போர்டு வரைக்கும் ஏறிடுச்சு. காயறதுக்கு வழி அடைச்சா அது மேல போய்த்தானே காயும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கறதும் இதே கதைதான், ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி உப்பும்.

சந்துச் சிமெண்ட் தளத்தை உடைச்சு ஹால் தரைல இருந்து குறைஞ்சது அரை அடி கீழ எறக்குங்க. சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு சிமெண்ட் வேண்டாம், வெறும் ஜல்லி. மீதி போர்டிகோ குழிப் பக்கம் சரிவு. உள்ள பூச்சை ஓதம் ஏறின உசரத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் கொத்தி எடுத்துட்டு செங்கலை அப்படியே விடுங்க. சித்திரை வைகாசி வெயில் முழுக்கக் காயட்டும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், விருந்தாளி வந்தா வேலை நடக்குதுன்னு சொல்லிக்கலாம். காயறதுக்கு முன்னாடி பூசினா காசு தண்டம், எந்தக் கம்பெனி கெமிக்கலா இருந்தாலும்.

சரி, தூக்கறது.

செங்கல் சுவர் மேல நிக்கற உங்க வீடு மாதிரி வீட்டைத் தூக்கறது நடக்காத காரியம் இல்ல, சென்னைப் புறநகர்ல நிறைய தூக்கியிருக்காங்க, நானே கூட நின்னு பாத்திருக்கேன். சுவர் ஓரமா உள்ளயும் வெளியயும் பள்ளம் தோண்டுவாங்க, அதாவது உங்க தரை டைல்ஸ் மொத்தமும் போச்சு. அஸ்திவாரத்துக்கு மேல சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்து, இரும்புச் சேனல் கொடுத்து, அடில வரிசையா நூத்துக்கும் மேல ஜாக்கி நிறுத்துவாங்க. அப்புறம் ஆளுக்கு இத்தனை ஜாக்கின்னு நின்னுக்கிட்டு ஒருத்தர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்துல கொஞ்சமே கொஞ்சம் திருப்பணும். சொன்னா நம்ப மாட்டீங்க, வீடு ஏறுறது கண்ணுக்கே தெரியாது, கீழ இருக்கற இடைவெளிதான் சாயங்காலம் பாத்தா விரல் கனம் கூடியிருக்கும். ஒரு பக்கம் முந்தினா சுவர் வெடிக்கும். அதனால பழைய வெடிப்பு இருக்கற இடத்துல எல்லாம் மெல்லிசு கண்ணாடித் துண்டை குறுக்க ஒட்டி வைக்கச் சொல்லுவேன், சுவர் அசைஞ்சா கண்ணாடி முதல்ல உடைஞ்சு சொல்லிடும்.

இதுல ஜனங்க ஏமாறுறது கொட்டேஷன்ல. தூக்கறதுக்குச் சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை சொல்லுவாங்க, கேக்கக் கம்மியாத் தெரியும். உள்ள நிரப்பற மண், மேல காங்கிரீட், டைல்ஸ், பிளம்பிங் மொத்தமும், செப்டிக் கனெக்‌ஷன், வாசப்படி, மாடிப்படியோட முதல் நாலு படி, வெளி ஒயரிங், ரெண்டு மூணு மாச வாடகை, எதுவும் அந்தத் தொகைல இருக்காது. என் அனுபவத்துல தூக்கற கூலிக்குச் சமமாவோ அதுக்கு மேலயோ இதுக்குப் போயிடுது. உங்க கையில இருக்கற கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து, ஹால்ல உக்காந்து காபி குடிக்கற நிலைமைக்கு வர எவ்வளவுன்னு எழுதித் தரச் சொல்லுங்க. தொழிலாளிங்க இன்சூரன்ஸ், பக்கத்து வீட்டுக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு, அவங்களைச் சாராத ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரோட கையெழுத்து, இதெல்லாமும் எழுத்துல. மாடில நீங்க இருந்துக்கலாம், கீழ நாங்க வேலை பாக்குறோம்னு யாராவது சொன்னா அங்கயே டீயைக் கொடுத்து அனுப்பிடுங்க.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி அண்ணாந்து பாருங்க. கூரை, சன்ஷேடு, பாத்ரூம் மேல்தளம், பால்கனி அடி. எங்கயாவது காங்கிரீட் பெயர்ந்து கம்பி துருவேறித் தெரியுதா, சுத்தியலால தட்டினா பொத்பொத்துன்னு சத்தம் வருதா? கிட்டத்தட்ட முப்பது வருஷக் கூரை. அது போயிருந்தா அடியில ஜாக்கி வச்சுத் தூக்கறது பல்லு போன கிழவருக்குக் கரும்பு வாங்கித் தர்ற மாதிரி. அந்த நிலைமைல உங்க பையன் சொல்றதுதான் சரி, கீழ ஸ்டில்ட் பார்க்கிங் விட்டு மேல வீடு வர்ற மாதிரி கட்டிட்டா தண்ணி வந்தாலும் காருக்கு அடில போயிடும். பில்டரோட எத்தனை பர்சன்ட், எத்தனை மாசம், வாடகை யார் தர்றதுன்றதெல்லாம் வக்கீல் கிட்ட கேக்க வேண்டியது, என் ஏரியா இல்ல.

மேஸ்திரி சொன்ன ஒண்ணரை அடி மண். உங்க கூரை பத்தடின்னு வச்சுப்போம், எட்டரை ஆயிடும், ஃபேன் போட்டா தலைக்கு மேல சுத்தற சத்தம் கேக்கும். ஏழடி நிலை அஞ்சரை ஆயிடும், அப்போ ஒவ்வொரு கதவுக்கும் லிண்டலை (நிலைக்கு மேல இருக்கற காங்கிரீட் உத்தரம்) உடைச்சு ஏத்தணும். ஜன்னல் முட்டிக்கு வந்துடும், சமையல் மேடையும் முட்டிக்கு வந்துடும், பிளக் பாயின்ட் தரையோட போயிடும். அதெல்லாம் மேஸ்திரி கணக்குல இருக்கான்னு கேளுங்க, சிரிப்பார். ஆனா அளந்து பாத்துட்டு அரை அடி ஏத்தினா போதும்னு வந்தா, அது நல்ல யோசனை. தேவை ஒரு அடிக்கு மேலன்னா இதை விட்டுடுங்க.

அப்போ என் யோசனை என்னன்னா, கிணத்துக் கோடு கீழ இருந்தா தூக்கவே வேண்டாம். குழி, மோட்டார், வால்வ், சந்துத் தளம், பூச்சு, இதோட நிறுத்திக்கலாம், உங்க பென்ஷன்லயே முடியற வேலை. கோடு மேல இருந்து கூரை நல்லா இருந்தா தூக்குங்க, தூக்கினா ஒரு அடி ரெண்டு அடின்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஒரு அடிக்கும் மூணு அடிக்கும் தோண்டற வேலையும் அறுக்கற வேலையும் ஒண்ணுதான், டைல்ஸ் எப்படியும் போகப்போகுது. ரோட்டு நடுவுல இருந்து ரெண்டடி, இல்ல 2015 தண்ணிக் கறைல இருந்து ஒரு அடி, எது உசரமோ அது.

ரோடு மறுபடி ஏறாதான்னு கேப்பீங்க, நியாயம்தான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மேல புதுசு போடணும், வீடு பள்ளமாகக் கூடாதுன்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். ஆனா தெருவுல தார் லாரி வந்து நின்னப்புறம் போய் சட்டம் பேசினா யாரும் நிக்க மாட்டாங்க. உங்க தெருவுல ரோடு போடப்போறாங்கன்னு கவுன்சிலர் வாயில இருந்து வர்ற அன்னிக்கே, பத்து வீட்டுக் கையெழுத்தோட ஏரியா உதவிப் பொறியாளர் கிட்ட மனு கொடுத்து ரசீது வாங்கி வைங்க, கூடவே உங்க டியூப் மட்டம் நோட்டோட ஜெராக்ஸ். அளவோட வர்ற மனுவைத் தூக்கி ஓரமா வைக்கறது கொஞ்சம் கஷ்டம்.

இந்த மழைக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு வேலை மட்டும் தள்ளிப் போடாதீங்க. சம்ப் மூடி போர்டிகோ மட்டத்துலயே இருக்கும்னு நெனைக்கிறேன், அதைச் சுத்தி ரெண்டடிக்கு செங்கல் வச்சு ஏத்திடுங்க, வெள்ளத் தண்ணில சாக்கடையும் கலந்து சம்ப்புக்குள்ள போனா வீட்ல எல்லாருக்கும் வயிறு கெடும். இன்வெர்ட்டர் பேட்டரி, ஈபி பாக்ஸ், தரையோட இருக்கற பிளக் பாயின்ட், எல்லாம் இடுப்புக்கு மேல போகணும், போர்டுல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற ஸ்விட்ச்) இல்லைன்னா போடச் சொல்லுங்க. 2015ல என் பேட்டரி மூணு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு, பூஜை ரூம்ல கொண்டு போய் வச்சிருந்தேன், உசரமா இல்ல, தரைல.

எட்டு இடத்து அளவையும், கூரையோட அடிப்பக்கம் நாலு போட்டோவும் அனுப்புங்க, பாத்துட்டு எழுதறேன். டியூப் வாங்கறப்ப கடைக்காரர் அஞ்சு மீட்டர் போதும்மான்னு வெட்டித் தருவார், பதினஞ்சு மீட்டர் கேளுங்க, ரோட்டு நடுவுல இருந்து உங்க பாத்ரூமுக்கு அதுக்குக் குறைஞ்சு எட்டாது.